தனியாக ஐஸ் ஃபிஷிங் போகிறவருக்குக் கூடாரமும் ஸ்லெட்டும்: சிம்கோ ஏரியில் நான் பட்டது

டொராண்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் சிம்கோ ஏரி. ஜனவரியில் ஏரி நன்றாக உறைந்ததும், ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்க கெஸ்விக், கில்ஃபோர்ட், ஜாக்சன்ஸ் பாயின்ட் கரைகளில் விடிவதற்கு முன்பே வண்டிகள் வரிசை கட்டிவிடும். இப்போது நம் ஆட்களும் நிறையப் பேர் வருகிறார்கள். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்க் குரல் ஐஸ் மேலே அடிக்கடி காதில் விழும். பெரும்பாலும் குடிசை வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு நாளுக்குப் பணம் கட்டிவிட்டுப் போவார்கள். அவர்களே கொண்டுபோய் விட்டு, துளை போட்டுக் கொடுத்து, சாயங்காலம் கூட்டி வந்துவிடுவார்கள். அதில் ஒரு தொந்தரவும் இல்லை. சொந்தமாகக் கூடாரம் வாங்கி, அதை ஸ்லெட்டில் (ஸ்னோ மேல் இழுத்துப் போகிற, சக்கரமில்லாத வண்டி) ஏற்றி, தனியாக இழுத்துக்கொண்டு போக நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. அதனால் ஏறக்குறைய 700 டாலர் போனது, ஒரு சீசனில் பாதி போனது, இரண்டு விரல் நுனிகளில் பல வாரங்களுக்கு உணர்ச்சி இல்லாமல் போனது.

முதலில் நான் வாங்கியது ஹப் டென்ட் என்று சொல்கிற வகை. நான்கு சுவர், ஒரு கூரை, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஹப், அதாவது கம்பிகள் வந்து சேருகிற குமிழ். அதிலிருந்து நான்கு ஃபைபர்கிளாஸ் கம்பிகள் மூலைகளுக்குப் போகும். ஹப்பைப் பிடித்து வெளியே இழுத்தால் சுவர் டப்பென்று விரிந்து நிற்கும். மூன்று பேருக்கு என்று போட்டிருந்தார்கள், ஆறடிக்கு ஆறடி இருக்கும், எடை 16 கிலோ. உள்ளே பஞ்சு வைத்துத் தைக்காத ஒற்றைத் துணி. கடையில் விரித்து வைத்திருந்தார்கள். நேராக நிமிர்ந்து நிற்கலாம், நாற்காலி போடலாம், துணி கறுப்பாக இருப்பதால் துளைக்குள் எட்டிப் பார்த்தால் அடி வரைக்கும் தெரியும். தள்ளுபடியில் 280 டாலர். கூடவே ஒரு ஆழமில்லாத பிளாஸ்டிக் ஸ்லெட் 50 டாலர், புரொப்பேன் ஹீட்டர் ஒன்று, ஐஸில் துளை போடக் கையால் சுற்றுகிற ஆகர் ஒன்று. தனியாகப் போவேன், இழுக்க முடியுமா என்று கேட்டதற்கு, "ஐஸ் மேலே தானே, வழுக்கிக்கொண்டு போய்விடும்" என்றார் கடைக்காரர்.

ஐஸ் மேலே வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சிம்கோவில் வெறும் ஐஸ் மேலே நடக்கிற நாட்கள் குறைவு. மேலே கணுக்கால் அளவோ முழங்கால் அளவோ ஸ்னோ இருக்கும். அதற்கும் அடியில் இருப்பதுதான் உயிரை வாங்கும். ஸ்னோவின் பாரத்தில் ஐஸ் கொஞ்சம் அமுங்கும், விரிசல்கள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறும். ஸ்னோ கம்பளி மாதிரி மூடியிருப்பதால் அந்தத் தண்ணீர் லேசில் உறையாமல் சேறாகவே கிடக்கும். இதைத்தான் ஸ்லஷ் என்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் வெள்ளையாக, சமமாக, ஒரு வித்தியாசமும் தெரியாது. கால் வைத்தால் பூட்ஸ் சாம்பல் நிறச் சேற்றில் இறங்கும். ஸ்லெட்டின் அடியில் அந்தச் சேறு ஒட்டும். நீங்கள் மூச்சு வாங்க ஒரு நிமிடம் நின்றால் போதும், அது அப்படியே உறைந்து அடித்தட்டு சொரசொரப்பாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு அடியும் இழுப்பு.

தனியாகப் போன அன்று கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. குக்ஸ் பே, ஏரியின் தெற்கு வால். ஆழம் குறைவு என்பதால் முதலில் உறைவதும் அதுதான், பெர்ச் மீனும் நன்றாகக் கிடைக்கும். கூடாரம், ஹீட்டர், சிலிண்டர்கள், ஆகர், மடக்கு நாற்காலி, மீன் காட்டும் கருவி, பேட்டரி, பக்கெட், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 45 கிலோவுக்குக் குறையாது. ஸ்லெட்டின் சுவர் ஒரு சாண்கூட உயரமில்லை. அதனால் சாமான்கள் மேலே மேலே அடுக்கி நின்றன. ஸ்னோமொபைல் (ஸ்னோ மேல் ஓடுகிற மோட்டார் வண்டி) போன தடங்கள் உறைந்து வரப்பு வரப்பாக இருக்கும், அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்லெட் கவிழ்ந்தது. கவிழ்ந்தால் எல்லாவற்றையும் ஸ்னோவுக்குள்ளிருந்து பொறுக்கி, திரும்ப அடுக்கி, கட்ட வேண்டும். கையுறையோடு முடிச்சுப் போட முடியாது, கழற்றித்தான் போட வேண்டும். கையுறைக்குள் ஸ்னோ போய் நனைந்தது அப்படித்தான். ஸ்லெட்டோடு வந்த மெல்லிய கயிறு தோளை அறுத்தது. ஜாக்கெட்டுக்குள் வேர்த்து ஊற்றியது, வெளியே மைனஸ் 14. நாற்பது நிமிடத்தில் போகலாம் என்று நினைத்த இடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. போய்ச் சேர்ந்தபோது எனக்கு மீன் மேலே ஆசையே இல்லை, அழுகை வருகிற மாதிரி இருந்தது.

வேர்வையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இழுக்கும்போது ஜாக்கெட்டைக் கழற்றி ஸ்லெட்டில் போட்டுவிட வேண்டும். குளிர்ந்தாலும் பரவாயில்லை. உள் சட்டை நனைந்துவிட்டால் நின்ற பத்தாவது நிமிடத்தில் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும், எந்தக் கூடாரமும் அதைச் சரிசெய்யாது. ஒரு உலர்ந்த பனியனும், இரண்டு ஜோடி மாற்றுக் கையுறைகளும் ஜிப் பூட்டும் பிளாஸ்டிக் பைக்குள் எப்போதும் இருக்க வேண்டும்.

இனி ஸ்லெட். கூடாரத்தை விட ஸ்லெட்டைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல கூடாரமும் மோசமான ஸ்லெட்டும் இருந்தால் நீங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள். தடித்த பாலிஎத்திலீனில் ஒரே வார்ப்பாகச் செய்த, தொட்டி மாதிரி ஆழமான ஸ்லெட்டாகப் பாருங்கள். ஜெட் ஸ்லெட் என்று ஐஸ் மேலே எல்லோரும் வைத்திருப்பது அந்த வகைதான். அகலத்தைவிட நீளம் முக்கியம். நீளமாக இருந்தால் சாமானைத் தாழ்வாகப் பரப்பி வைக்கலாம், கவிழாது. கனமானது நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், அடியில். முன்பக்கம் பாரம் ஏறினால் மூக்கு ஸ்னோவைக் குத்திக்கொண்டே வரும். முன் வளைவு நன்றாக மேலே எழுந்திருக்க வேண்டும். மேலே ஒரு துணி மூடி, அதை இறுக்க எலாஸ்டிக் கொக்கிகள். மூடி இருந்தால் கவிழ்ந்தாலும் சாமான் சிதறாது, வண்டி டயர் வாரியடிக்கிற உப்புச்சேறும் ரோட்டில் வரும்போது உள்ளே போகாது.

கயிற்றை உடனே மாற்றுங்கள். கட்டைவிரல் மொத்தத்துக்கு நைலான் கயிறு, உங்களுக்கும் ஸ்லெட்டுக்கும் நடுவே இரண்டு மீட்டராவது இடைவெளி. குட்டையான கயிறு மூக்கை மேல் நோக்கித் தூக்கும், குதிகாலிலும் வந்து இடிக்கும். தோளில் மாட்டாமல் இடுப்பில் மாட்டி இழுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் போடுகிற அகலமான இடுப்புப் பட்டை ஒன்றைப் பழைய சாமான் கடையில் 10 டாலருக்கு வாங்கி, இரண்டு பக்கமும் வளையம் தைத்துக்கொண்டேன். அதில் இரண்டு காரபீனர் கொக்கிகள். எதுவானாலும் ஒரு கையால் சட்டென்று கழற்ற முடிகிற கொக்கியாக இருக்க வேண்டும். ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்தால் இடுப்பில் 45 கிலோவைக் கட்டிக்கொண்டு மேலே ஏற முடியாது. கயிற்றை இரண்டு பிளாஸ்டிக் குழாய்களுக்குள் விட்டு இழுக்கிறவர்களும் உண்டு. கரைச் சரிவில் இறங்கும்போது ஸ்லெட் உருண்டு வந்து காலில் ஏறாது, நல்ல யோசனைதான்.

ஸ்லெட்டின் அடியில் ரன்னர், அதாவது நீளவாட்டில் வழுக்குப் பட்டை, போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து போடுங்கள். கட்டிங் போர்டு செய்கிற அதே பாலிஎத்திலீனில் பட்டையாகக் கிடைக்கும். வெறும் ஐஸிலும் இறுகிய ஸ்னோவிலும் அது ஸ்லெட்டின் அடித்தட்டைத் தூக்கிப் பிடிக்கும், உரசுகிற பரப்பு குறையும், நேராக ஓடும், அடியும் தேயாது. பூப்போன்ற புது ஸ்னோ முழங்கால் அளவு கிடந்தால் அதே ரன்னர் உள்ளே இறங்கி எதிராகத்தான் வேலை செய்யும். அங்கே அகலமான தட்டை அடிதான் மிதக்கும். அமெரிக்கப் பக்கம் பழைய ஸ்கீ பலகைகள் இரண்டின் மேல் மரச்சட்டம் அடித்து அதன்மேல் ஸ்லெட்டை ஏற்றி இழுக்கிறார்கள், ஸ்மிட்டி ஸ்லெட் என்று பெயர். உறைந்த ஐஸில் ஒரு குழந்தைகூட இழுத்துவிடும். ஆழமான ஸ்னோவில் அதுவும் அப்படியே புதைந்துவிடும். நான் பட்டைதான் போட்டேன், பொருளுக்கு 45 டாலர், வேலைக்கு ஒரு மதியம். பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, பசை விற்கிறவர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். போல்ட் போட்டுத்தான் பூட்ட வேண்டும். போல்ட்டின் தலை பட்டைக்குள் புதைகிற மாதிரி குழி தோண்டிப் போட வேண்டும், உள்பக்கம் அகலமான வாஷரும் அதன் அடியில் ரப்பர் வாஷரும். ரப்பர் இல்லாவிட்டால் ஒவ்வொரு துளை வழியாகவும் ஸ்லஷ் உள்ளே வந்து உங்கள் பை உறைந்து ஸ்லெட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, அன்றைக்கு வருகிறேன். கூடாரத்தை விரிக்கிற நேரத்துக்குக் காற்று ஏறிவிட்டது. வடக்கிலிருந்து அடித்தால் குக்ஸ் பேயில் அதைத் தடுக்க ஒன்றும் கிடையாது. முழு ஏரியையும் தாண்டி நேராக வருகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் இருந்திருக்கும். மைனஸ் 14-இல் அந்தக் காற்று உடம்புக்கு மைனஸ் 26 போல உறைக்கும். கூடாரத்தோடு தருகிற ஐஸ் ஆங்கர், மரையுள்ள பெரிய திருகாணி. அதைக் கையால் ஐஸுக்குள் திருகி இறக்க வேண்டும். முனை பிடிக்கவே பிடிக்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். நனைந்த கையுறையோடு முட்டி போட்டு, ஒரு கையால் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நான்கு மூலைகளிலும் இறக்கி முடிப்பதற்குள் விரல்கள் மரக்கட்டை ஆகிவிட்டன. பெட்டியில் இருந்ததே நான்கு ஆங்கர்தான். ஆனால் கூடாரத்தின் ஒவ்வொரு சுவர் ஹப்பிலும் கயிறு கட்ட ஒரு வளையம் இருந்தது. அந்த வளையத்துக்கான ஆங்கரைக் கடையில் தனியாக விற்கிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உள்ளே போய் ஹீட்டரைப் பற்றவைத்து, ஒரு துளை போட்டு உட்கார்ந்தேன். காற்றடிக்கிற பக்கத்துச் சுவர் உள்ளே வளைந்து வளைந்து போனது. முதுகால் முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பெரிய வீச்சில் அந்த ஹப் மொத்தமாக உள்பக்கம் திரும்பியது, அடுத்த நொடி வெளியே உதறியது, துப்பாக்கி வெடித்த சத்தத்தோடு ஒரு கம்பி முறிந்து துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஹீட்டர் கவிழ்ந்தது. கவிழ்ந்தால் தானாக அணைகிற வகை என்பதால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபைபர்கிளாஸ் முறிந்த இடத்தில் ஊசி ஊசியாகச் சிலாம்பு நிற்கும், வெறுங்கையால் தொடக் கூடாது. கூடாரத்தை எப்படியோ அமுக்கி, மேலே படுத்து, சுருட்டி, ஸ்லெட்டில் கட்டினேன். அதற்குள் ஸ்னோ காற்றோடு தரையை ஒட்டிப் பறக்க ஆரம்பித்துவிட்டது. கரை தெரியவில்லை. நான் வந்த தடம் மூடிப்போயிருந்தது. ஜாக்கெட் வெளிப்பையில் இருந்த போன், எடுத்துப் பார்த்தபோது குளிரில் அணைந்திருந்தது. என்னிடம் திசைகாட்டி கிடையாது. எந்தப் பக்கம் நடந்தாலும் வெள்ளை. அந்த நிமிடங்களில் இருந்த பயத்தை நான் வீட்டில் இதுவரைக்கும் முழுசாகச் சொன்னதில்லை.

காற்றை இடது கன்னத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். வரும்போது அது வலது பக்கம் அடித்தது நினைவிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஏதோ பளிச்சென்று மின்னியது. நெற்றி விளக்கின் வெளிச்சம் ஒரு கூடாரத்தில் ஒட்டியிருந்த பட்டையில் பட்டுத் திரும்பியிருக்கிறது. உள்ளே ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன், அறுபது வயதிருக்கும், தனியாகத்தான் இருந்தார். "உள்ள வாங்கோ தம்பி, கதவைச் சாத்துங்கோ, கையை முதல்ல பாப்பம்" என்றார். இரண்டு விரல் நுனிகள் மெழுகு போல வெளுத்திருந்தன. தேய்க்கப் போனேன், அவர் விடவில்லை. அக்குளுக்குள் வைக்கச் சொன்னார், பிறகு ஃபிளாஸ்க்கில் இருந்த சுடுதண்ணீரைக் குளிர்ந்த நீரோடு கலந்து கைபொறுக்கும் சூட்டில் ஊற்றி அதில் முக்கி வைத்தார். தேய்த்தால் உள்ளே சதை பாழாகும், ஹீட்டர் பக்கத்தில் நேராகக் காட்டினால் உணர்ச்சி இல்லாத தோல் தெரியாமலே வெந்துவிடும். இரத்தம் திரும்ப ஓடும்போது வந்த வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் அன்று கேட்டுத் தெரிந்துகொண்டது, நான் அந்த ஆண்டு படித்த எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது. "காத்து வாற பக்கத்தில முதல்ல ஆங்கரை இறக்கிப்போட்டுத்தான் கூடாரத்தைப் பையில இருந்து எடுக்க வேணும் தம்பி. விரிச்சுப்போட்டு இறுக்கலாம் எண்டா காத்து விடாது." நான் கேட்டேன், "தனியா எப்படி அண்ணே பிடிக்கிறது?" அதற்கு அவர் காட்டியது இதுதான். கூடாரப் பையை அவிழ்க்கும் முன்பே ஒரு ஆங்கரை ஐஸில் இறக்கி, அதிலிருந்து ஒரு மீட்டர் கயிற்றைக் கூடாரத்தின் மூலை வளையத்தில் கட்டிவிடு. இனி என்ன ஆனாலும் கூடாரம் ஓடாது. பிறகு அதைத் தட்டையாகவே படுக்கவைத்து, காற்றுப் பக்கத்து இரண்டு மூலைகளையும் பூட்டு. சுவர்களை ஒவ்வொன்றாக விரி, கூரையைக் கடைசியில் தள்ளு. கூரை எழும்பாத வரைக்கும் காற்றுக்குப் பிடிக்க முழு உயரம் கிடைக்காது. நின்றதும் மற்ற மூலைகள், அதோடு காற்றுப் பக்கத்துச் சுவர் ஹப்பிலிருந்து ஒரு கயிறு இழுத்து இன்னொரு ஆங்கர். அந்த ஒரு கயிறு இருந்திருந்தால் என் கம்பி முறிந்திருக்காது. கதவு எப்போதும் காற்றுக்கு எதிர்ப்புறம். கூடாரம் பறந்தே போனாலும் துரத்தி ஓடக் கூடாது, அது போகிற வழியில் ஐஸ் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ஆங்கரைக் கையால் திருகுவதும் அவருக்குக் கிடையாது. பேட்டரி டிரில்லில் மாட்டுகிற ஒரு சிறிய இணைப்பு விற்கிறது, 15, 20 டாலர். ஆங்கர் தலையில் வைத்து அழுத்தினால் ஐந்து நொடியில் இறங்கிவிடும், எடுக்கும்போதும் அதே. டிரில் பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். போனும் அப்படியே, உள் சட்டைப் பையில். கழுத்தில் ஒரு சாதாரணத் திசைகாட்டி. கரையில் கிளம்பும்போதே எந்தத் திசையில் நடக்கிறேன் என்று பார்த்து வைத்துக்கொள்வேன் இப்போது.

கம்பி முறிந்ததற்குக் கடையில் கேட்டேன். காற்றால் ஆன சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். கம்பிக்கும் அனுப்பும் செலவுக்கும் 70 டாலர், துணி தைக்க 40 டாலர். வந்து சேர்வதற்குள் பிப்ரவரி போய்விட்டது. சரிசெய்து 120 டாலருக்கு அதை விற்றேன், விற்கும்போது வாங்கினவரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றேன். ஹப் டென்ட் மோசம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேராகப் போய், ஓரிடத்தில் நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. விலை குறைவு, எடை குறைவு, இடம் தாராளம், மனைவி, குழந்தைகளோடு போகலாம். ஆனால் மீன் இல்லையென்று ஐம்பது அடி தள்ளிப் போக நினைத்தால் எல்லா ஆங்கரையும் பிடுங்கி மறுபடி இறக்க வேண்டும். தனி ஆளுக்கு அது முடிகிற காரியமில்லை.

தனி ஆளுக்கு ஃபிளிப்-ஓவர். ஸ்லெட்டே கூடாரத்தின் அடித்தளம். உள்ளே இருக்கை, சாமான் எல்லாம் ஸ்லெட்டில். அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் தைத்த துணியைப் பின்னாலிருந்து தலைக்கு மேலாகப் புரட்டி முன்னால் இறக்கினால் கூடாரம். உட்கார்ந்தபடியே பத்து நொடி. மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஜென்ஸ் 1980களில் இந்த வகையைப் பரப்பியதே, மீன் இருக்கிற இடத்துக்கு ஆள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். நீங்களும் சாமானும் உள்ளே உட்கார்ந்திருக்கிற எடையே அதைப் பிடித்து வைக்கும், ஸ்லெட்டின் முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்தால் போதும். பலத்த காற்றில் அதற்கும் ஆங்கர் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். குறை என்னவென்றால் எடை. ஒரு ஆளுக்கானதே 30 கிலோவைத் தொடும், இரண்டு ஆளுக்கானது 45, 50 என்று போகும். அதைக் கையால் இழுக்க நினைக்காதீர்கள், ஸ்னோமொபைல் இருப்பவர்களுக்கானது அது. நான் வாங்கியது ஒரு ஆள் வகை, பழையது, 260 டாலர். வாங்கும் முன் காரின் பின்பக்கத்தை டேப் வைத்து அளந்தேன். நீளம் ஐந்தடிக்குக் குறையாது, சீட்டை மடக்கினாலும் பல செடான் கார்களில் ஏறாது.

பஞ்சு வைத்துத் தைத்த துணியா, ஒற்றைத் துணியா என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. எடை சில கிலோ கூடினாலும் பஞ்சு வைத்தது. சூடு நிற்பதைவிட முக்கியமான காரணம் ஈரம். புரொப்பேன் எரியும்போது தண்ணீர் ஆவியாக வரும். ஒற்றைத் துணியின் உள்பக்கம் அது முத்து முத்தாகப் படிந்து கழுத்துக்குள் சொட்டும், ஹீட்டரை அணைத்தால் அப்படியே உறைந்து கூடாரம் தகடு மாதிரி விறைத்து மடிக்கவே வராது. பஞ்சுத் துணியில் இது மிகவும் குறைவு. சின்னதாக ஒரு விசிறியை மேலே மாட்டிக் கூரையடிச் சூட்டைக் கீழே தள்ளினால் இன்னும் குறையும், மீன் காட்டும் கருவியின் 12 வோல்ட் பேட்டரியிலேயே விசிறியும் எல்இடி பட்டையும் ஓடும்.

ஹீட்டர் விஷயத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். 4,000 முதல் 9,000 பிடியு (சூட்டை அளக்கிற அலகு) வரை மாற்றக்கூடிய சின்ன ஹீட்டர் ஒரு ஆள் கூடாரத்துக்கு மிகத் தாராளம், பெரும்பாலும் குறைந்த அளவே போதும். முழு வேகத்தில் வைத்தால் ஒரு பவுண்டு சிலிண்டர் இரண்டு மூன்று மணி நேரம்தான் வரும். ஆக்ஸிஜன் குறைந்தால் அணைகிற வசதி, கவிழ்ந்தால் அணைகிற வசதி இரண்டும் இருக்க வேண்டும். அந்த ஆக்ஸிஜன் வசதி கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தனியாக பேட்டரி அலாரம் 30, 40 டாலர், தலை உயரத்தில் மாட்டுங்கள். கூடாரத்தின் காற்றுத் துவாரங்களைக் குளிருகிறது என்று அடைக்கவே கூடாது, ஹீட்டர் எரியும்போது தூங்கவே கூடாது. தலை லேசாக வலித்தாலே கதவைத் திறந்துகொண்டு வெளியே வாருங்கள்.

மீதி மாற்றங்கள் சின்னச் சின்னவை. தரைக்கு, உடற்பயிற்சி அறையில் போடுகிற ஃபோம் பாய்த் துண்டுகள், துளை வருகிற இடத்தை வெட்டிவிட்டு. கால் சூடாக இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் உட்காரலாம். சுற்றிலும் உள்ள துணிப்பாவாடை மேல் உலர்ந்த ஸ்னோவை வாரிப் போட்டால் காற்று உள்ளே வராது. துளையிலிருந்து வந்த ஈர ஸ்லஷை மட்டும் அதில் போடாதீர்கள், ஐஸோடு உறைந்துவிட்டால் கிளம்பும்போது துணியைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தால் ஒட்டாது. அப்புறம், நான்கு பக்கமும் ஒளி திருப்புகிற பட்டை. ஸ்னோமொபைல்காரர்கள் இருட்டில் படுவேகமாக வருவார்கள், கறுப்புக் கூடாரம் அவர்களுக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்றியதும் அந்தப் பட்டைதான், எட்டு டாலர் சுருள். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் கூடாரத்தைக் கராஜிலோ பேஸ்மென்டிலோ விரித்துக் காயவைத்துவிட்டுத் தூங்குங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை, அந்த வாடை அப்புறம் போகவே போகாது.

சட்டம் கொஞ்சம். ஒன்டாரியோவில் துணிக் கூடாரத்தின் அடிப்பரப்பு 7 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 75 சதுர அடிக்குள் இருந்தால் பதிவு எண் தேவையில்லை. நான் சொன்ன இரண்டு வகையும் அதற்குள் வரும், ஆறு எட்டுப் பேர் உட்காருகிற பெரிய ஹப் வாங்குகிறவர்கள் அளந்து பாருங்கள். அவுட்டோர்ஸ் கார்டும் (மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் ஒன்டாரியோ அரசு தருகிற அடையாள அட்டை) மீன்பிடி லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். போட்ட தூண்டில் எதுவும் உங்களிடமிருந்து 60 மீட்டருக்குள், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே டிப்-அப் (மீன் கடித்தால் கொடி எழும்புகிற தூண்டில்) வைக்கிறவர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

ஐஸ் பற்றிச் சொல்லாமல் விட்டால் மற்றது எல்லாம் வீண். நடக்க நான்கு அங்குலம் தெளிவான, நீலம் பாய்ந்த ஐஸ் வேண்டும். வெள்ளையாகப் பால்போல இருக்கிற ஐஸுக்குப் பாதி வலுதான், அதனால் இரண்டு மடங்கு வேண்டும். கரையில் ஒரு துளை போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதுவே என்று நினைக்கக் கூடாது. கனமான கடப்பாரை ஒன்றால் முன்னால் குத்திக்கொண்டே போக வேண்டும். சிம்கோவில் அழுத்த விரிசல்கள் ஒரே நாளில் திறந்து மூடும், காலையில் தாண்டிய இடம் சாயங்காலம் தண்ணீராக இருக்கலாம். 2023–24 மாதிரி வெதுவெதுப்பான குளிர்காலங்களில் கூடாரம் கராஜிலேயே இருக்கட்டும். கழுத்தில், தண்ணீரில் விழுந்தால் ஐஸைக் குத்திப் பிடித்து ஏற ஐஸ் பிக் ஜோடி ஒன்று, மிதக்கிற உடை ஒன்று. உடை விலை அதிகம்தான், கூடாரத்தில் மிச்சம் பிடித்து அதில் போடுங்கள் என்பேன்.

வாங்குகிற நேரம் மார்ச் கடைசி. கடைகளில் தள்ளிவிடுவார்கள், சீசன் முடிந்து விற்கிறவர்களும் அப்போதுதான் வருவார்கள். பழையது பார்க்கப் போனால் விற்கிறவர் வீட்டு முற்றத்தில் முழுசாக விரிக்கச் சொல்லுங்கள், "நல்லாத்தான் இருக்கு" என்று பைக்குள் காட்டினால் வாங்காதீர்கள். ஹப் வகையானால் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவாமல் கண்ணால் வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அது அடுத்த காற்றில் முறியும். ஃபிளிப்-ஓவரானால் சட்டம் மடங்குகிற மூட்டுகளையும் ஸ்லெட்டின் அடியையும் பாருங்கள், அடி தேய்ந்து கண்ணாடி போல் மெலிந்திருந்தால் பேரம் பேசுங்கள். ஜிப்பை எல்லாம் ஒரு முறை மேலும் கீழும் ஓட்டுங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் எலி கடித்த ஓட்டைகள் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும், பூஞ்சை வாடையும் அப்போதுதான் வரும். பிறகு பாரத்தைப் போட்டு அவருடைய முற்றத்திலேயே புல் மேல் ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். புல்லில் நூறடி இழுக்க முடியாதது ஸ்லஷில் வராது. ஆங்கர் பை எங்கே என்று கேளுங்கள், எண்ணிப் பாருங்கள். ஆறுக்குக் குறைவாக இருந்தால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே மீதியை வாங்கிவிடுங்கள்.